எந்தப் பி?

ஈசூன் வீட்டில், குண்டு விழுந்தாலும் தாங்கும் அறைக்குள்
அரிசி மூட்டைக்கும் மடக்கு நாற்காலிக்கும் நடுவே
உள்ளங்கை அகலப் பெட்டியில் ஓடுகிறது எங்கள் விக்கி.
இரும்புக் கதவு. தடித்த சுவர்.
ஆனாலும் செவ்வாய் இரவு மட்டும்
நானூற்றுப் பதினெட்டு முறை
என் கடவுச்சொல்லை யாரோ ஊகித்திருக்கிறார்கள்.

திருட என்ன இருக்கிறது அதில்?
புளோக் 612, இரண்டாம் லிஃப்ட்:
ஒன்பதாம் மாடியில் அரை அங்குலம் தாழ்ந்து நிற்கும்.
புளோக் 340: நாலை அழுத்தினால் ஐந்தும் எரியும்,
பலகையை மாற்றாதே, இணைப்பைத் துடை.
பழுது பார்க்கும் நாங்கள் நால்வர்
ஏழு வருடமாக எழுதிவைத்தது.
கம்பெனிக்குத் தெரியாது.

சரி, இரண்டாம் பூட்டு.
கடவுச்சொல்லுக்குப் பிறகு கைப்பேசி காட்டும் ஆறு இலக்கம்,
முப்பது வினாடிதான் அதற்கு ஆயுள்.
ஃபைசால் போன வாரமே கோப்பிக் கடையில் முடித்துவிட்டான்.
பூன் கியாட் முனகிக்கொண்டே முடித்தார்.
மீதி மருதமுத்து.

பெர்மிட் முடிந்து மார்ச்சில் அறந்தாங்கி போனவன்.
முறைப்படி அவன் கணக்கை அடைத்திருக்க வேண்டும்.
பதிவுகளைப் பார்த்தேன்,
மாதம் இரண்டு முறை வந்துபோகிறான்.
கடைசியாகச் சேர்த்தது ஒரே வரி:
'340இல் மழைக்கு முன் கதவு தயங்கும். பயப்பட வேண்டாம்.'

அடைக்கவில்லை.
கட்டப் படத்தை அனுப்ப மனமில்லாமல்
முப்பத்திரண்டு எழுத்தையும் போனில் வாசித்தேன்.
"எந்தப் பி? புளோக் பியா, பெர்மிட் பியா?"
"பெர்மிட்."
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"ம், அடுத்தது."

ஆறு இலக்கம் போட்டான். தவறு.
மறுபடி. தவறு.
இங்கே இரண்டரை மணி நேரம் பின்னாடி, அதான்போல என்றான்.
இல்லையடா, இந்தக் கணக்குக்கு ஊர் கிடையாது.
எழுபதாம் ஆண்டு ஜனவரியிலிருந்து
ஒரே எண்ணிக்கை, உனக்கும் எனக்கும்.
அவன் போனைத் திட்டினேன். அவன் சிக்னலைத் திட்டினேன்.
பிறகு அறைக்குள் குனிந்து பார்த்தால்
நேற்று ஃபியூஸ் போய் எழுந்த பெட்டி
நாலு நிமிடம் பிந்தி நிற்கிறது.
பின்தங்கியது நாங்கள்தான்.

நேரத்தைத் திருத்தினேன்.
சரிபார்க்க என் போனிலும் இருந்தது அவன் சாவி.
"ஏழு, பூஜ்யம், நாலு" என்றான்.
"ஒன்பது, ஒன்பது, ரெண்டு" என்று முடித்தேன்.
உள்ளே வந்துவிட்டான்.

பிறகு அவன் சாவியை என் போனிலிருந்து அழித்தேன்,
அழிக்கத்தானே வேண்டும்.
பத்து மீட்புக் குறியீட்டை எங்கே எழுதிவைக்க என்று கேட்டான்.
எனக்கும் தெரியவில்லை. என்னுடையது அரிசி மூட்டைக்கடியில்.
பேசிக்கொண்டிருக்கும்போதே உட்லண்ட்ஸ் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது.
340இல் இந்நேரம் கதவு
தயங்க ஆரம்பித்திருக்கும்.