சிவப்பு நட்சத்திரமிட்ட கட்டம்

மார்ச் முப்பத்தொன்று முடிந்த கையோடு
மூன்று கம்பெனிகளுக்குச் சொல்லி அனுப்பினேன்.
ஐந்து ரோட்டில் செருப்புக்கடை மாடி.
எனக்கும் ப்ரதீபாவுக்கும் ஆளுக்கொரு நாற்காலி,
வருபவருக்கு ஒன்று.
அறுநூற்றுப் பதினான்கு பாலிசிகள்,
ஏழு டைரி, ஒரு எக்செல் தாள், என் ஞாபகம்.
இவற்றில் எது முதலில் கைவிடும் என்று
சொல்ல முடியாத வயது எனக்கு.

போன மாதம் சங்ககிரி அர்த்தநாரியின் லாரிக்கு
ஒருநாள் விட்டுப்போனது.
ஒரே நாள்.
அந்த ஒரு நாளில் தொப்பூர்க் கணவாயில்
வண்டி எதன்மீதும் மோதவில்லை என்பதற்காக
கோட்டை மாரியம்மனுக்கு எலுமிச்சை மாலை சாற்றினேன்.
வருஷம் முழுக்க மாலை போடுவதைவிட
சாஃப்ட்வேர் மலிவுக்கா, என்றாள் ப்ரதீபா.

முதலில் வந்தவர் சித்திரை வெயிலில் டை கட்டியிருந்தார்.
அவர் லேப்டாப்பில் 'டெஸ்ட் கஸ்டமர்' என்றொருவர்.
பிறந்தது ஜனவரி ஒன்று.
தவணை தவறியதில்லை, சர்க்கரை இல்லை, பீடி இல்லை.
நாமினி: 'டெஸ்ட் ஒய்ஃப்'.
இவர் செத்துப்போனால் எங்கே அழுத்தணும் என்றேன்.
கொஞ்சம் தேடினார்.
'இன்ஆக்டிவ்' என்று
சாம்பல் நிறத்தில் ஒரு பொத்தான் இருந்தது.

பிறகு மூவருக்குமாக வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன்:
நினைவூட்டும் குறுஞ்செய்தியை
ஒரே ஒருத்திக்கு மட்டும்
போகாமல் நிறுத்த முடியுமா?

"எல்லாருக்கும் போகணும்னுதான் மேடம் கேப்பாங்க."
சிரித்தார். டீயைக் குடிக்காமல் போனார்.

இரண்டாமவர் முடியும் என்றார்.
அதற்கு கோல்டு திட்டம் எடுக்க வேண்டுமாம்.
ஆண்டுக்குப் பதினெட்டாயிரம், ஜிஎஸ்டி தனி.

மூன்றாவது, கோயம்புத்தூரிலிருந்து போனில் ஒரு பெண்.
கேள்வி போய்ச் சேர்ந்தபின்
சற்று நேரம் கீபோர்டு சத்தம்கூட வரவில்லை.
"வீட்டுக்காரருக்குத் தெரியாமங்களா?"
நான் ஒன்றும் சொல்லவில்லை.
"செல் நம்பர் கட்டாயம் போட்டாகணும் மேடம்,
கட்டத்துப் பக்கத்துல செகப்பு ஸ்டார் இருக்கும்.
ஆனா யாரோட நம்பர்னு அது கேக்காதுங்க."

அதையே வாங்கினேன்.
குறை இல்லாமல் இல்லை.
ரசீதில் ழகரம் வெறும் சதுரமாக விழுகிறது,
பழனியப்பன் வந்து சண்டை போட்டுவிட்டுப் போனார்,
தன் பெயர் நடுவில் ஜன்னல் வைத்துவிட்டோமென்று.
ப்ரதீபா பேனாவால் ஒவ்வொரு ழவாகத் திருத்துகிறாள்.

மாதேஸ்வரிக்கு செவ்வாய்ப்பேட்டையில்
கொலுசுக்குப் பற்றுவைக்கும் வேலை.
வீட்டுக்கு ஒரே போன். அது அங்கமுத்துவின் சட்டைப்பையில்.
சனிக்கிழமைக் கூலி அவன் கைக்குப் போகுமுன்
நூறாகவும் இருநூறாகவும் என்னிடம் இறங்கிவிடும்.
நாமினி மகள்.
டைரியில் அவள் பக்கத்தில்
'போன் பண்ணாதே' என்று எழுதி
இரண்டு கோடு போட்டிருந்தேன்.
அந்த இரண்டு கோட்டை ஏற்ற
எந்தத் திரையிலும் இடமில்லை.
சிவப்பு நட்சத்திரமிட்ட கட்டத்தில்
என் நம்பரை அடித்தேன்.

ஜூலை ஐந்து, காலை ஒன்பது மணி.
அஸ்தம்பட்டி சிக்னலில் ஒற்றைக் காலூன்றி நிற்கையில்
கைப்பைக்குள் போன் அதிர்ந்தது.
அன்புள்ள மாதேஸ்வரி,
தங்கள் பிரீமியத் தேதி நெருங்குகிறது.
பின்னால் ஹாரன் அடித்தார்கள்.
பச்சை விழுந்திருக்கிறது, நான் பார்க்கவில்லை.

பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தி
உள்ளே எல்லோருக்கும் கேட்கும்படி,
"என் கொலுசுக்குத் திருகாணி மாத்தியாச்சா?" என்றேன்.
நான் கொலுசைக் கழற்றி இருபது வருஷமாகிறது.

ஊதுகுழாயை வாயிலிருந்து எடுத்து,
நிமிராமல்,
"சனிக்கிழமை வாங்க" என்றாள்.