வலது கண்

இடது கண்ணைத் திறந்துவிட்டேன்.
வலது கண்ணின் மேலிமையில் பேனா நின்றது.

நின்றது என்றால்,
கை போகிறது, திரையில் அம்பு போகவில்லை.
டேப்லெட்டின் ஓரத்தில் நீல விளக்கு மட்டும்
ஒன்றுமே நடக்காததுபோல் எரிகிறது.

மணி எட்டேகால்.
ஊத்துக்கோட்டை, சத்தியவேடு ரோட்டில்
பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கடை.
பக்கத்தில் மிஷின் யாருடைய மகளுக்கோ
மஞ்சள் நீராட்டு விழாவைத் துப்பிக்கொண்டிருக்கிறது,
இருபதடி. நடுவில் நிறுத்தினால் கோடு விழும்,
முதலாளி சம்பளத்தில் பிடிப்பார்.

ஸ்டூலில் ஓபுலேசு.
அவன் அம்மா கிஷ்டம்மா விடியற்காலை போய்விட்டாள்.
இருப்பது ஒரே போட்டோ. ஏதோ கல்யாணப் பந்தியில் எடுத்தது.
அதிலும் கண்ணை மூடியிருக்கிறாள்.
"கள்ளு தெரிசினட்டு செய்யண்டி அக்கா."

கள்ளு என்றால் அவர்களுக்குக் கண்கள்.
திண்டிவனத்திலிருந்து வேலைக்கு வந்த முதல் மாதம்
இதற்கு விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன்.
இப்போது அவன் கண்ணைப் பார்த்துத்தான்
அவள் இடது கண்ணைப் போட்டேன்.

ஒயரைப் பிடுங்கிச் செருகினேன்.
அடுத்த ஓட்டை. பின்பக்க ஓட்டை.
பேனா முனையைக் கழற்றி ஊதிப் புதுசு மாட்டினேன்.
டிரைவரை அழித்து மறுபடி ஏற்றினேன்.
கம்ப்யூட்டரை அணைத்து இருபது வரை எண்ணினேன்,
பன்னிரண்டில் பொறுமை போய்ப் போட்டுவிட்டேன்.
முதலாளியின் செல் ஒயரை மாட்டினால்
அந்த நீல விளக்கும் போயிற்று.
ஒவ்வொரு தடவை ஃபைலைத் திறக்கும்போதும்
ஒற்றைக் கண்ணால் கிஷ்டம்மா
இன்னுமா என்றாள்.

மவுஸால் இழுத்துப் பார்த்தேன்.
இமை, லாரி பிரேக் போட்ட தடம்போல வந்தது.
ஓபுலேசு பார்ப்பதற்குள் அழித்தேன்.

அழிக்கும்போதுதான்
சிபியூவின் தகரத்தில் முழங்கை பட்டுச் சுருக்கென்றது.
அதே சமயம் மிஷின் ஒரு வரிசை முடித்து
மூச்சு விட்டது.
அம்பு துள்ளியது, இரண்டு விரற்கடை.
மிஷின் மறுபடி கிளம்ப, மறுபடி செத்தது.

ஒயர் இல்லை, டிரைவர் இல்லை, பேனா இல்லை.
மண்.

கடைக்குப் பின்னால், பிரியாணிக் கடைச் சுவரோரம்,
சிமெண்ட் மூடிக்குக் கீழே எர்த் குழி.
சித்திரையிலிருந்து ஒரு சொட்டு மழை கிடையாது.
குச்சியை விட்டுக் குத்தினால் மாவாகக் கொட்டுகிறது.
ஊரைத் தாண்டிக் கால்வாயில் கிருஷ்ணா தண்ணீர்
சென்னைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறது.
எங்கள் குழாயில் காற்று.

"ஒரு குடம் தண்ணி வேணும்" என்றேன்.
எதற்கு என்று கேட்கவில்லை.
டீக்கடையில் வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு வந்தான்.
நாளைக் காலையும் அந்தத் தோளில் ஒரு குடம் ஏறும்.
நான் வேறு பக்கம் பார்த்தேன்.

மண் குடித்தது. தொண்டைச் சத்தம் கேட்டது.
இன்னொரு குடம். இரண்டு கைப்பிடி கல்லுப்பு.

உள்ளே வந்து பேனாவை எடுத்தேன்.
அம்பு நடுங்கியது,
யோசித்தது,
கைக்கு வந்தது.

இமை. விழி. விழிக்குள் வெளிச்சத்துக்கு ஒரு புள்ளி.
ஓபுலேசு எழுந்து என் பின்னால் நின்றான்.
கொஞ்ச நேரம் கழித்துத் தமிழில் சொன்னான்:
"அந்தக் கண்ணுல பூ விழுந்திருக்கும் அக்கா.
பரவால்ல, வேணாம்."

வேண்டாம் என்றுதான் சொன்னான்.
இருந்தாலும் வெள்ளையைத் தொட்டு,
பேனாவுக்கே தெரியாத அழுத்தத்தில்
விழியின் ஓரம் ஒரு மூட்டம் வைத்தேன்.
ஃப்ளெக்ஸில் அது விழாது.
நாலு வண்ணத்தில் கரைந்துவிடும்.
திரையில் இருந்தவரை இருந்தது.
அவன் குனிந்து பார்த்தான்.

ஆறுக்கு நாலு, இருபத்து நாலு சதுர அடி.
பில்லைக் கிழித்துக் கொடுத்தேன்.
போகும்போது குடத்தை
டீக்கடையில் கொடுத்துவிடச் சொன்னேன்.