தன்மை ஒருமை

"ஐம்பது வெள்ளி காணாமல் போனது"
என்றுதான் முதலில் எழுதியிருந்தேன்.
பணத்துக்குக் கால் முளைத்து
பாயான் லெப்பாஸ் விடுதி மாடிப்படியில்
தானே இறங்கிப் போனது போல.

கட்டுரை நன்றாகத்தான் இருந்தது.
இரவு ஷிப்டின் நீலச் சட்டை,
கண் கூசும் வெள்ளை விளக்கு,
மீ கோரெங் பொட்டலத்தில் ஒட்டிய சிவப்பு எண்ணெய்,
பாலத்துக்கு மேலே விடிகிற வானம்.
வானத்துக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம்.

படகில் வைத்து மறுபடி படித்தேன்.
பட்டர்வொர்த் நெருங்கும் முன்
எனக்கே கொட்டாவி வந்தது.
எல்லாரும் இருந்தார்கள் அதில்,
என்னைத் தவிர.

அடித்துவிட்டு "எடுக்கப்பட்டது" என்றேன்.
போலீஸ் அறிக்கை மாதிரி இருந்தது.
"அந்த வயதில் நாம் எல்லாரும்" என்று ஒரு வாக்கியம்.
நாம் என்றால் வாசிக்கிறவரும் கூட்டு.
பாவம், எங்கோ உட்கார்ந்து கோப்பி குடிப்பவர்,
அவர் கையை எதற்கு
அந்த மைலோ டின்னுக்குள் விடுகிறேன்?
நாங்கள் என்று போட்டேன்.
யார் அந்த இன்னொருத்தி?
அன்று பகலில் அந்த அறையில்
காற்றாடியும் நானும்தான்.

டின் கனகேஸ்வரியுடையது.
பழி சுமியாத்தி மேல் விழுந்தது.
மேடானிலிருந்து வந்தவள், கூட்டிப் பெருக்குகிறவள்,
என் காய்ச்சலுக்கு இஞ்சி தட்டிப் போட்டவள்.
வார்டன் கேட்டபோது என்னைப் பார்த்தாள்.
நான் சப்பாத்து வாரை முடிந்துகொண்டிருந்தேன்.
முடிந்த வாரையே, திரும்பவும்.

இது முதல் பிரதியில் இல்லை.
மூன்றாவதிலும் இல்லை.
மூன்றாவதில் நான் அழுததாக எழுதியிருந்தேன்.
அழவில்லை.
பசியாறப் போனேன். ரொட்டி சானாய், இரண்டு.

அந்த ரொட்டியை எழுதிய பிறகுதான்
சொல் வந்தது:
எடுத்தேன்.
நான் என்று தனியாகப் போட வேண்டியதில்லை,
தமிழில் வினையின் வாலிலேயே
ஆள் மாட்டிக்கொள்கிறாள்.
எடுத்தேன். குனிந்தேன். பேசாமல் இருந்தேன்.
வாய்விட்டுப் படித்தால்
ஒவ்வொன்றின் முடிவிலும்
ஏன், ஏன் என்று கேட்கிறது.

கொம்தாரில் ஒரு ஜோடிச் செருப்பு.
நாற்பத்தொன்பது தொண்ணூறு.
பத்துக் காசு மீதி கொடுத்தார்கள்.
காரணம் இவ்வளவு சின்னது என்பதால்தான்
வானத்துக்கு அவ்வளவு பக்கம்.

படகு கரையில் இடித்து நின்றது.
எல்லாரும் இறங்கினார்கள்.
கடைசி வரி இன்னும் வரவில்லை.
சுமியாத்தி இதைப் படிக்கப்போவதில்லை,
அவளுக்குத் தமிழ் தெரியாது.
தெரியாது என்பதால்தான்
தமிழில் எழுதுகிறேனா?

அதையும் எழுதியாக வேண்டும்.