ஒன்பது பாகை

புளியரைச் சோதனைச்சாவடியில்
முருங்கைக்காய் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் இரவு.
மாடியறையில்
எக்கத்தெரின்பர்க் நகரத்துப் பதினேழாம் தளமொன்றைக்
கட்டிக்கொண்டிருக்கிறேன்.
கணினியில்தான்.

சுவர், காய்ந்த சிமென்டின் சாம்பல்.
தரை, வெளுத்த ஓக்.
வாசல் தாண்டியதும் பூட்ஸ் கழற்ற ஒரு குழிந்த கல்;
பனி உருகி வடிய அதிலொரு துளை.
அத்தனை பெரிய வீட்டில்
அந்தத் துளைதான் எனக்குப் பிடித்தது.

வர்வாரா எழுதுகிறாள்,
என்னைவிட அரைமணி பிந்திய இரவிலிருந்து:
"வெயில் அதிகம். எங்கள் டிசம்பரில்
நண்பகலிலும் ஒன்பது பாகைதான்."
சூரியனைப் பிடித்து இறக்குகிறேன்.
நாற்காலியின் நிழல் நீண்டுபோய்
சமையல்மேடை ஏறி
எதிர்ச்சுவரில் உட்கார்ந்துகொண்டது.

ஆரியங்காவுப் பக்கமிருந்து சாரல்.
ஜன்னலைச் சாத்த எழுந்தவன்
திரும்பி வந்து, ஏனென்று தெரியாமல்,
அந்தக் கல்லின்மேல்
ஈரக்குடை ஒன்றைச் சாய்த்துவைத்தேன்.
கம்பி வளைந்த குடை. என்னுடையது.

காலையில் பதில்:
"சோபாவை மாற்றுங்கள். தொங்குவிளக்கு வேண்டாம்.
குடை எங்கள் குளிருக்கு உதவாது."

கொஞ்சம் கீழே, தனி வரியில்:
"செய்யதலி,
யார் வந்திருக்கிறார்கள்?"