ஏழுக்கு அப்புறம்

வாயைத் திறக்கிறாள் மில்யாரே.
ஒன்று.
கால் கட்டைவிரலை மடக்கிக்கொள்கிறேன்.
இரண்டு, மூன்று.
கண்ணாடிச் சில்லை மெல்வது அவள்,
வெட்டுப்படுவது நான்.
ஏழு, எட்டு.
பத்துக்குள் மட்டுப்படும் என்றார்கள்.
எந்தப் பத்து என்று சொல்லவில்லை.

வெளியே காற்று.
படகோனியாவில் காற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை,
நின்றால்தான் தலை தூக்கிப் பார்ப்போம்.
இங்கே உதடு வெடிக்கும், கதவு வெடிக்கும்,
சோப்புக் கட்டி வெடிக்கும்.
இதுவும் வெடிக்கும் என்று
ஒன்பது மாதத்தில் ஒருவர் சொல்லவில்லை.

பதினோராம் நாள்
சட்டை புண்ணோடு ஒட்டிக் காய்ந்திருந்தது.
வெந்நீரில் நனைத்து நனைத்துப் பிரித்தேன்,
உறையிலிருந்து தபால்தலையை எடுப்பதுபோல.
அவள் கக்கிய பாலில் ஒரு செந்நூல்.
அவள் இரத்தம் என்று நடுங்கி,
என்னுடையது என்று தெரிந்ததும்
அப்பாடா என்றேன்.
அப்பாடா என்றதை நினைத்துப் பிறகு அழுதேன்.

கொட்டகையில் ரோமம் கத்தரிக்கும் பருவம்.
ஆறு ஆள், ஆறு இயந்திரம்,
நாளுக்கு எழுநூறு ஆடு.
சமையல் என் வேலை.
ரொட்டி வாங்கக் கை நீட்டினான் ஒரெல்யானா.
முகம் உடைந்த பாறை,
கை மட்டும் நேற்றுப் பிறந்தது.
"கம்பளிப் பிசுக்கு" என்றான், நான் பார்ப்பதைப் பார்த்து.
"முப்பது வருஷம். ஒரு வெடிப்பு இல்லை."

அன்றிரவு ஒரு முழுக் கம்பளியை
மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.
ஆட்டு வாடை. மஞ்சள் பிசுபிசுப்பு.
விரலில் தொட்டும்விட்டேன்.
எதற்கும் கேட்டுவிடுவோமென்று போன் செய்தால்
"அதில் உண்ணி மருந்து இருக்கும், பைத்தியமே" என்று
கத்தினாள் செவிலி டெல்ஃபினா.

வியாழக்கிழமைப் பேருந்தில் ஒரு டியூப் வந்தது.
சுண்டுவிரல் நீளம், கால் ஆட்டின் விலை.
சுத்திகரித்த கம்பளிக் கொழுப்பு.
எங்கள் மாதிரி ஒரு கொட்டகையில் லாரியேறி,
கடல் தாண்டி, குளித்து, வெளுத்து,
பெயரை மாற்றிக்கொண்டு
எங்களுக்கே விலைக்கு வந்திருக்கிறது.
சிரித்தேன். சிரித்தாலும் வலித்தது.

பட்டாணி அளவு எடுத்து
விரல்களுக்கு நடுவே உருக்கி
தேய்க்காமல் ஒற்றினேன்.
துணி உரசாமலிருக்க
இரண்டு தேநீர் வடிகட்டிகளின் கைப்பிடியை முறித்து
உள்ளே கவிழ்த்துக்கொண்டேன்.
எவரிஸ்தோ பார்த்தான்.
"இனிமேல் தேநீர்?"
"தூளோடு குடி."

தோல் ஆறும். அவள் வாய் வைப்பாள். கிழியும்.
கோணலாகத் தொங்கும் கதவுக்கு
எத்தனை நாள் எண்ணெய் விடுவது?

டெல்ஃபினா நேரிலேயே வந்தாள்,
பூட்ஸில் பாதி ரோட்டுச் சேற்றோடு.
புண்ணை அதிகம் பார்க்கவில்லை.
குழந்தையின் மோவாயைப் பார்த்தாள்.
"நுனியை மட்டும் கொடுக்கிறாய், கஞ்சப்பிசினாரி.
கொட்டாவி வரும்வரை காத்திரு."
காம்புக்கு நேரே மூக்கை வைத்துக் காத்திருந்தேன்.
அழுதாள். தலையை ஆட்டினாள்.
பிறகு ஒரு பெரிய கொட்டாவி,
அதற்குள் கருவட்டமும் போயிற்று.
ஒன்று.
இரண்டு.

உடனே நின்றதாக நினைக்க வேண்டாம்.
வலப்பக்கம் ஆறு நாள்.
இடப்பக்கம் பிடிவாதக்காரி, பத்து.

நடுவில் ஒருநாள் பட்டியில்
ஒரு தாயாடு தன் குட்டியை எட்டி உதைத்தது.
"ராட்சசி" என்றான் எவரிஸ்தோ.
குனிந்து மடியைப் பார்த்தேன்.
காம்பில், குறுக்கே, எனக்குத் தெரிந்த அதே கோடு.
உள்ளே போய் டியூபை எடுத்துவந்தேன்.
விலையை நினைவுபடுத்தினான்.
அவள் கொழுப்பு அவளுக்கு என்றேன்.

நேற்று விடியற்காலை.
இருட்டில் வாயைத் திறந்தாள், பழக்கத்தில் எண்ணினேன்.
ஐந்து, ஆறு, ஏழு.
ஏழுக்கு அப்புறம் என்னவென்று
மறந்துபோயிருந்தது.
அவள் விழுங்கும் சத்தம் மட்டும்,
குப்பியில் தண்ணீர் நிறைவதுபோல.

காற்று நிற்கவில்லை.
ஆனாலும் தலை தூக்கிப் பார்த்தேன்.