நூற்றிப் பதினேழாம் குழாய்

பாசையூர் மீன்சந்தைக்குப் பின்னால்
நீலத் தறப்பாள் கட்டி மேசை போட்டோம்.
படிவத்தில் வயது, தொழில், கடலில் கழியும் இரவுகள்.
பெயருக்குக் கட்டமே இல்லை.

"ஐசி காட்டத் தேவையில்லையோ?"
தேவையில்லை.
"விலாசம்?"
அதுவும்.
கையை நீட்டிக்கொண்டே ஒருவர் சொன்னார்:
"பேர் கேக்காமல் ரத்தம் எடுக்கிற
முதல் ஆக்கள் நீங்கள்தான்."
வரிசை சிரித்தது.
எனக்குக் கொஞ்சம் பிந்தித்தான் விளங்கியது.
வதனாவுக்கு அப்போதே விளங்கி
பஞ்சைத் தேடுகிறவள்போலக் குனிந்துவிட்டாள்.

திட்டத்தின் தலைப்பில் 'கண்காணிப்பு' என்று இருந்தது.
மணல்மூட்டைக்குப் பின்னிருந்து
எங்களைப் பார்த்த கண்களுக்கும் இங்கே அதுதான் பெயர்.
துண்டுப்பிரசுரத்தில் 'நோய் நிலவரம்' என்று மாற்றி அடித்தேன்.
கொழும்பில் யாரும் கவனிக்கவில்லை.

நூற்றிருபது குழாய்கள்.
ஐஸ் கம்பனியில் வாங்கிய ஐசில்தான் அடுக்கினோம்,
பாரையும் விளையும் போகிற அதே ஐஸ்.
ஓட்டோக்காரப் பெடியன் பெட்டியைத் தட்டிப் பார்த்து
"என்ன மீன் அக்கா?" என்றான்.
"விலை போகாதது" என்றாள் வதனா.

ஆய்வுகூடத்தில் மூன்று நாள்.
எச்ஐவி: நூற்றிருபதிலும் ஒற்றைக் கோடு.
மூச்சு விட்டேன்.
பிறகு சிபிலிஸ். பழைய வாகடங்களில் கிரந்தி.
கண்ணாடித் தட்டில் ஒரு துளி,
சுழலியில் நான்கு நிமிடம்,
நுணுக்குக்காட்டியின் கீழே
நூற்றிப் பதினேழு மட்டும்
திரைந்த பால்போலத் துணுக்குத் துணுக்காய்.
நீர்த்தேன். மறுபடி. மறுபடி.
அறுபத்துநான்கு மடங்கிலும் அது விடவில்லை.

ஒரு பெனிசிலின் ஊசி, மிஞ்சினால் மூன்று.
பிட்டத்தில் இரண்டு நாள் நோகும், அவ்வளவுதான்.
மருந்து கீழ்த்தளத்தில் இருக்கிறது.
ஆள்தான் இல்லை.
ஆள் தெரியக்கூடாது என்று
ஒழுக்கநெறிக் குழுவுக்கு எழுதிக் கொடுத்தவள் நானேதான்,
எட்டுப் பக்கம், பக்கத்துக்கொரு கையொப்பம்.

அறிக்கை: பூச்சியம் தசம் எட்டு மூன்று வீதம்.
"நல்ல செய்தி, குறைவு" என்றார்கள் தொலைபேசியில்.
சரிதான், குறைவுதான்.
அந்தக் குறைவு இன்றைக்கு
எந்த வள்ளத்தில் ஏறியிருக்கும்?
உள்ளங்கையில் தடிப்பு வந்தபோது
கயிறு உரஞ்சினது என்று நினைத்திருக்கும்.

சந்தையில் மீதிக்காசு தருகிற கைகளை எல்லாம்
உற்றுப் பார்க்கத் தொடங்கினேன்.
காசை எண்ணுகிறேன் என்று நினைத்தார்கள்.
ஒரு கிழமையில் நிறுத்திக்கொண்டேன்.
அதுவும் கண்காணிப்புத்தான்.

எல்லாருக்கும் ஓர் அட்டை கொடுத்திருந்தோம்:
செவ்வாய், வெள்ளி, பத்தாம் இலக்க அறை,
இலவசம், பேர் தேவையில்லை.
பாதி அட்டைகள் அன்றைக்கே
செதிலோடு நிலத்தில் ஒட்டிக் கிடந்தன.

ஐந்தாவது வெள்ளி ஒருத்தி வந்தாள்.
இடுப்பில் பிள்ளை. கையில்
சவர்க்காரத்தில் ஊறி வெளுத்த அட்டை.
"சேட்டுப் பொக்கற்றுக்குள்ள இருந்தது.
கேட்டால் சொல்லுறாரில்லை, கடலுக்குப் போயிட்டார்.
அதான் நான் வந்தனான்.
இது என்ன இடம்?"

கதிரையைக் காட்டினேன். விளக்கினேன்.
நூற்றிருபது சேட்டுகளில் எதுவாகவும் இருக்கலாம்.
தெருவில் பொறுக்கிய அட்டையாகவும் இருக்கலாம்.
பிள்ளை என் பேனையை எடுத்து வாயில் வைத்தது.
சட்டைக் கையை மடித்துக்கொண்டே
"பேர் சொல்ல வேணுமோ?" என்றாள்.
வேண்டாம்.
"பரவாயில்லை, எழுதுங்கோ."
பிள்ளையின் வாயிலிருந்து பேனையை எடுத்தேன்.
தன் பேரும் தகப்பன் பேருமாக
எழுத்துக்கூட்டிச் சொன்னாள்,
ஓரிடத்தில் என்னைத் திருத்தி.

சுழலியை முடுக்கினேன்.
நான்கு நிமிடம்.