மாங்குளத்தில் அரைப் புள்ளி

மூன்றாவது நகர்விலேயே
நடுக் காலாட்கள் ஒன்றையொன்று தின்று
பெட்டிக்குள் போய்விட்டன.
பிரெஞ்சுத் தற்காப்பு, பரிமாற்ற வழி.
இரவல் வாங்கிய கொப்பியில் யாரோ
பென்சிலால் எழுதியிருந்தார்கள்:
சலிப்பு. சமநிலையில் முடியும்.
அதற்காகத்தான் தெரிந்தெடுத்தேன்.
காலையிலிருந்து இரண்டு தோல்வி.
வெற்றி கேட்கும் துணிவில்லை,
வீட்டுக்குக் கொண்டுபோகப் பூச்சியமல்லாத ஓர் எண் போதும்.

கூட்டுறவுச் சங்க மண்டபம்.
போன கிழமை அடுக்கிய யூரியா
சுவரில் இன்னும் மணத்தது.
எதிரே கோகுலவதனி,
மல்லாவி ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவள்.
குளிசை எண்ணிப் பழகிய விரல்,
தொட்ட காயை யோசிக்காமல் வைத்தது.
நான் குதிரையை எடுத்தால் அவளும் குதிரை.
நான் கோட்டை கட்ட அவளும் கட்டினாள்.
வவுனிக்குளத்தில் கரையும் கரையின் நிழலுமாய்
எட்டாம் நகர்வுவரை
எது யார் பக்கமென்று பலகைக்கே தெரியாது.

பிறகு திறந்துகிடந்த நடு நிரலில்
கோட்டைகள் நான்கும் செத்தன.
ராணிகள் பின்னால் போயினர்.
கரண்ட் நின்றது.
நடுவர் மரியநேசன்
மணிக்கூட்டை நிறுத்துவதா என்று யோசித்து
ஜன்னலைத் திறந்துவிட்டார்.

என்னிடம் ஒரு குதிரை,
அவளிடம் கறுப்புக் கட்டத்து மந்திரி,
கொஞ்சக் காலாட்கள்.
என் ராஜா போனான், வந்தான்.
அவள் மந்திரி போனது, வந்தது.
அதே நிலை மூன்றாம் தடவை.
கை கொடுத்தாள்.
அந்தச் சித்திரை வெக்கையில்
அவள் கை ஐஸாய்க் குளிர்ந்திருந்தது.
ஏனென்று நான் கேட்கவில்லை.

சந்தியில் துணுக்காய் பஸ் உறுமியது.
யன்னலுக்குள்ளிருந்து குனிந்து சொன்னாள்:
"முப்பத்தொண்டில
குதிரையை எஃப் அஞ்சில வச்சிருந்தா
நான் முடிஞ்சன்.
நீங்கள் காணேல்ல."
சிரித்தாளா தெரியவில்லை,
பஸ் மேற்கே திரும்பிவிட்டது.

கிழக்கே போகும் பஸ்ஸில்
நகர்வுத்தாளை விரித்தேன்.
எஃப் ஐந்து.
வெள்ளைக் கட்டம்.
அவள் மந்திரி எத்தனை ஆண்டு ஓடினாலும்
தொடமுடியாத கட்டம்.
அதன் பக்கத்தில் நின்று
நான் தேத்தண்ணி குடித்திருக்கிறேன்.

கரிப்பட்டமுறிப்பில்
கண்டக்டர் மிச்சம் பத்து ரூபாய் தர மறந்தான்.
எழுந்து போய்
அதை மட்டும் கேட்டு வாங்கினேன்.